முகத்தில் விழும் மங்கு: வெயிலும் களிம்பும் வந்த கதை

(உழவர் பெருமக்களுக்காக வானொலியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் நெல்லுக்கு வரும் செம்புள்ளி நோயைப் பற்றிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். விதை நேர்த்தி, சாம்பல் சத்து, தெளிக்க வேண்டிய மருந்து எல்லாம் சொல்லி முடித்து, "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நடவுக்கார அம்மா ஒருவர் எழுந்தார். "சார், நெல்லு இலையில விழுற புள்ளிக்கு இம்புட்டு மருந்து சொல்றீங்க. எங்க மூஞ்சியில விழுந்திருக்கிற புள்ளிக்கு என்ன மருந்து?" என்றார்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முக்காட்டை விலக்கிக் காட்டினார். இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் மங்கு படர்ந்திருந்தது. அதற்கு மேல் முகம் முழுக்கச் சிவந்து, சிவப்பு நூல் ஓட்டியதுபோல மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரிந்தன. கன்னத்தில் பூனை முடி. "டவுன்ல ஒரு கடையில டியூப் குடுத்தாங்க சார். ஒரு மாசம் பளபளன்னு இருந்திச்சு. அப்புறம் நிறுத்தினா எரியுது, போட்டா கொஞ்சம் அடங்குது. ரெண்டு வருசமா இதே பொழப்பு."

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்தது பயிருக்குத்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குள் ஒன்று சுருக்கென்று தைத்தது. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்குப் பிறகு அரசு மருத்துவமனைத் தோல் மருத்துவர்களிடம் கேட்டும் புத்தகங்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் மங்கு என்றால் என்ன என்று பார்ப்போம். நம் தோலின் மேலடுக்குக்கு அடியில் சாயம் தயாரிக்கும் செல்கள் இருக்கின்றன. மெலனின் என்ற சாயம் அது. ஒரு மதகு பல வயலுக்குத் தண்ணீர் விடுவதைப்போல, ஒரு சாயச் செல் தன்னைச் சுற்றியுள்ள சுமார் 36 செல்களுக்குச் சாயத்தை அனுப்புகிறது. வாங்கிக்கொண்ட செல் அந்தச் சாயத்தை என்ன செய்கிறது தெரியுமா? தன் உட்கருவுக்கு மேலே குடை பிடித்ததுபோல வைத்துக்கொள்கிறது. வெயில் உட்கருவைத் தாக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வெயில் அதிகமானால் குடையும் பெரிதாகிறது, தோல் கறுக்கிறது. வெள்ளைக்காரருக்கும் நமக்கும் சாயச் செல்லின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. அது செய்கிற வேலையில்தான் வித்தியாசம். ஆண்டுக்கணக்காக வெயில் பட்டால் சில இடங்களில் மட்டும் இந்த வேலை கட்டுமீறிப் போய்விடுகிறது. வயதானவர்களின் புறங்கையிலும் நெற்றியோரத்திலும் பழுப்புப் புள்ளியாக விழுவது ஒரு வகை. கன்னம், நெற்றி, மேலுதடு என்று இரண்டு பக்கமும் ஒத்தாற்போலப் படர்வது மங்கு. இது பெண்களுக்கே அதிகம். பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போதும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும், அம்மாவுக்கு இருந்து மகளுக்கும் வருவதுண்டு. ஆனால் தூண்டிவிடுவது வெயில்.

வெயில் என்றால் சூடு என்றுதான் நாம் நினைக்கிறோம். "அனல் பட்டு முகம் கறுத்துப்போச்சு" என்கிறோம். வெகுகாலம் மேல்நாட்டாரும் அப்படித்தான் நினைத்தார்கள். அது தப்பு என்று காட்டியது ஒரு கறுப்புத் துணி.

லண்டனில் எவரார்டு ஹோம் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1820-ல் அவர் தன் கைகளையே வைத்து ஒரு சோதனை செய்தார். இரண்டு புறங்கைகளையும் வெயிலில் நீட்டினார். ஒரு கையைத் திறந்தபடி விட்டார், மற்றதைக் கறுப்புத் துணியால் மூடினார். இரண்டிலும் வெப்பமானி வைத்தார். கறுப்புத் துணி சூட்டை இழுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். துணிக்கு அடியில் சூடு அதிகமாக ஏறியது. ஆனால் கொப்பளித்தது திறந்திருந்த கை! சூடு அதிகம் பட்ட கைக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் தோலைச் சுட்டது சூடு அல்ல, வெளிச்சத்தில் வரும் வேறு ஏதோ ஒன்று. அது என்ன என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அந்த 'வேறு ஏதோ ஒன்று' ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. 1801-ல் ஜெர்மனியின் யேனா நகரில் ரிட்டர் என்பவர் வெயிலை வானவில்போலப் பிரித்து, வெள்ளி உப்பு தடவிய காகிதத்தின்மேல் விழவைத்தார். ஊதா நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் காகிதம் வேகமாகக் கறுத்தது. அதைத்தான் இன்றைக்குப் புற ஊதாக் கதிர் என்கிறோம். ஆனால் காகிதத்தைக் கறுக்கவைத்ததும் கையைக் கொப்பளிக்கவைத்ததும் ஒன்றுதான் என்று உறுதியாக 1889 ஆகிவிட்டது. ஸ்டாக்ஹோமில் விட்மார்க் என்ற கண் மருத்துவர் வலுவான மின்விளக்கு ஒன்றின் ஒளியைத் தண்ணீர் வழியாக விட்டுச் சூட்டை நீக்கினார். தோல் அப்போதும் சிவந்தது. கண்ணாடி வழியாக விட்டுப் புற ஊதாவை நீக்கினார், தோல் சிவக்கவில்லை.

அடுத்த கட்டம் நம்மைப்போல வெளியில் வேலை செய்கிறவர்களைப் பார்த்து வந்தது. 1894-ல் ஹாம்பர்க் துறைமுகத்துக் கப்பல்காரர்களின் முகத்தையும் கையையும் உன்னா என்ற ஜெர்மானிய மருத்துவர் கவனித்தார். பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள், தடித்த தோல், சிலருக்குப் புற்றுநோய். இதற்கு 'மாலுமித் தோல்' என்று பெயர் வைத்தார். இரண்டு ஆண்டு கழித்து, பிரான்சில் போர்தோ பக்கத்தில் துப்ரே என்ற மருத்துவர் திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களைப் பற்றி எழுதினார். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முகத்திலும் கையிலும் இந்தத் தடிப்பும் புற்றும் வருகிறது, நகரத்துக்காரர்களிடம் அபூர்வம் என்றார். வெயிலில் நின்று பாடுபட்டவன் தோல்தான் விஞ்ஞானத்துக்குப் பாடப்புத்தகமாக இருந்திருக்கிறது.

நம் தோலில் சாயம் அதிகம். அந்தப் புற்றுநோய் நமக்கு அவ்வளவாக வருவதில்லை. இது இயற்கை கொடுத்த காப்பு. ஆனால் காப்புக்கென்று இருக்கிற அதே சாயம்தான் மங்காகவும் வந்து நிற்கிறது. இதில் இன்னொரு சங்கதி 2010-ல்தான் தெளிவானது. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் புற ஊதா இல்லாத சாதாரண வெளிச்சத்தை, அதாவது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை, வலுவாகத் தோலில் பாய்ச்சிப் பார்த்தார்கள். வெள்ளைத் தோலில் கறுப்பு விழவில்லை. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் விழுந்தது, நாள்கணக்காக நின்றது. இது ஏன் முக்கியம் என்றால், கடையில் விற்கும் வெயில் களிம்புகள் பெரும்பாலும் வெள்ளைத் தோல் சிவப்பதைத் தடுக்க வந்தவை. டப்பாவில் 30, 50 என்று போட்டிருக்கிறதே, அந்த எண் தோல் சிவப்பதைக் கணக்கிட்டுச் சொல்வது. மங்கைக் கணக்கிட்டு அல்ல. பூசினால் தெரியாத களிம்பு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு சேர்த்த, மண்நிறம் கலந்த களிம்பு ஓரளவு தடுக்கும்.

களிம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வசதியிருந்தால் வாங்கிப் போடலாம், மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆனால் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூச வேண்டும். வியர்வையில் வழிந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். சேற்றில் குனிந்து நடவு செய்கிற அம்மா எந்தக் கையால் பூசுவார்? ஒரு டியூப் எத்தனை நாளைக்கு வரும்? ஆகவே நம் வேலைக்கு முதல் மருந்து அந்த லண்டன்காரரின் துணிதான்.

துணியில் என்ன இருக்கிறது?

எந்தத் துணியும் ஒரே மாதிரி காக்காது. வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் சல்லடைபோலத் தெரிந்தால் கதிரும் அப்படியே உள்ளே வரும். நெருக்கி நெய்த, கனமான, அடர்ந்த நிறத்துத் துணி நல்லது. நைந்த வெள்ளைத் துணி நனைந்துவிட்டால் இன்னும் மோசம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்களே, அதைப் பார்த்துச் சில பையன்கள் கேலி செய்கிறார்கள். கேலி செய்கிற பையன் அரைக்கை பனியனோடு வரப்பில் நிற்கிறான். விவரம் யாருக்கு இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். ஆனால் சட்டை கையைக் காக்கும், முகத்தைக் காக்காது. முக்காடு தலையையும் கழுத்தையும் காக்கும். குனிந்து நிமிரும்போது கன்னமும் மூக்கும் வெளியேதான் இருக்கும். சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு விளிம்பு உள்ள ஓலைத் தொப்பி, அதன் கீழே முக்காடு, கன்னத்தைச் சுற்றி ஒரு துண்டு. இதுதான் சரியான உடுப்பு. முண்டாசு கட்டும் ஆண்கள் ஒன்று கவனியுங்கள்: முண்டாசு உச்சந்தலைக்குத்தான் நிழல், மூக்குக்கு இல்லை.

"புழுங்குமே சார்" என்பீர்கள். புழுங்கும். அதனால்தான் நேரத்தையும் பார்க்க வேண்டும். காலை 10 மணியிலிருந்து மாலை 3 மணி வரையில்தான் புற ஊதா கடுமை. மெல்லிய மேகம் இருந்தாலும் அது உள்ளே வந்துவிடும். மூட்டமாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. விடியக்காலையில் இறங்கி வெயில் ஏறுமுன் கரையேறுகிற நடவுக் கூட்டங்கள் பல ஊர்களில் உண்டு. ஆள் வைத்து வேலை வாங்கும் நிலக்காரர்களிடம் ஒரு வார்த்தை: சீக்கிரம் வந்து சீக்கிரம் போகிறவர்களை 'அரை நாள்' என்று கணக்கெழுதாதீர்கள். நாற்று நட்ட கணக்கைப் பாருங்கள். வரப்போரம் குடிதண்ணீரும் ஒரு கீற்றுக் கொட்டகை நிழலும் வையுங்கள்.

வெளுக்கவைத்த மருந்துகள்

வந்துவிட்ட மங்கைப் போக்க மனிதர்கள் செய்ததை நினைத்தால், பூச்சியைக் கொல்லப் போய்ப் பயிரைக் கொன்ற கதைதான் நினைவுக்கு வருகிறது.

முதலில் பாதரசம். பாதரச உப்பு சாயம் தயாராவதைத் தடுக்கும், தோல் வெளுக்கும். மேல்நாடுகளில் இதைக் கலந்த களிம்புகள் வெகுகாலம் பகிரங்கமாக விற்றன. வயதான விவசாயிகளுக்குப் பாதரசத்தை வேறு வழியில் தெரியும். செரசான், அக்ரோசான் என்று விதையில் கலந்து விதைத்தோமே, அதெல்லாம் பாதரசம்தான். எனக்கு முந்தின தலைமுறை அலுவலர்கள் கையால் கலந்து காட்டியிருக்கிறார்கள். 1971-72-ல் ஈராக் நாட்டில் பாதரசம் கலந்த விதைக் கோதுமையை ஜனங்கள் ரொட்டி சுட்டுத் தின்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 6,530 பேர். ஆஸ்பத்திரிக் கணக்கில் மட்டும் இறந்தவர்கள் 459 பேர். அந்த விதை மருந்துகள் பின்னாளில் நம் நாட்டிலும் தடை செய்யப்பட்டன. அதே 1972-ல், கென்யா நாட்டு நைரோபியில், உடம்பு வீங்கிச் சிறுநீரில் புரதம் போகும் நோயாளிகளை மருத்துவர்கள் விசாரித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் பாதரசம் கலந்த வெளுக்கும் களிம்பு பூசியவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் நின்றிருக்கிறது. 1973-ல் அமெரிக்கா இப்படிப்பட்ட களிம்புகளைத் தடை செய்தது.

பழைய கதைதானே என்று நினைக்காதீர்கள். பக்கத்துக் கேரளத்தில் கோட்டக்கல்லில் 2021-க்கும் 2023-க்கும் இடையே ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரை விசாரித்ததில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். களிம்பைப் பரிசோதித்தபோது பாதரசம் அளவுக்கு மீறி இருந்தது. அழகுப் பொருள்களில் பாதரசம் சேர்ப்பதை 2025-க்குள் அடியோடு நிறுத்துவது என்று 2023-ல் உலக நாடுகள் கூடி முடிவு செய்தன. ஆனால் தயாரித்தவர் பெயரில்லாத, என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத டப்பாவிடம் யார் போய்ச் சட்டம் பேசுவது?

இரண்டாவது, ஹைட்ரோகுவினோன். போட்டோ கழுவப் பயன்பட்ட மருந்து இது. 1936-ல் ஜெர்மனியில் கறுப்புப் பூனைகளுக்கு இதைத் தீனியோடு கொடுத்தபோது முடி சாம்பல் நிறமானது. 1939-ல் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலைத் தொழிலாளிகளின் கையும் முழங்கையும் திட்டுத்திட்டாக வெளுத்தன. காரணம் தேடினால், அவர்கள் போட்டிருந்த ரப்பர் கையுறை! ரப்பர் கெடாமல் இருக்க இதே குடும்பத்துச் சரக்கு ஒன்றை அதில் கலந்திருந்தார்கள். தொழிலாளிக்கு வந்த கேட்டைப் பார்த்து, 'இதை மங்குக்குப் போட்டால் என்ன' என்று யோசித்தார்கள். கையுறைச் சரக்கைப் போட்டவர்களுக்கு வெண்புள்ளிபோல நிரந்தரமாக வெளுத்துவிட்டது. மங்குக்கு அதைக் கைவிட்டார்கள். அதைவிடச் சாதுவான ஹைட்ரோகுவினோனை 1961 முதல் பயன்படுத்தினார்கள். இது வேலை செய்தது. மருத்துவர் பார்வையில், சில மாதம் மட்டும், வெயிலை மறைத்துக்கொண்டு போட்டால் இன்றைக்கும் பலன் தருகிற மருந்துதான்.

ஆனால் சும்மா விடுவார்களா? தென் ஆப்பிரிக்காவில் இதைச் சோப்புக் கட்டிபோல எல்லாக் கடையிலும் விற்றார்கள். வெயிலில் நடமாடுகிற கறுப்பினப் பெண்கள் வருடக்கணக்காகப் பூசினார்கள். 1975-ல் பிரிட்டோரியாவில் ஃபின்ட்லே என்ற மருத்துவர் எழுதினார்: வெளுக்கப் பூசிய கன்னம் கருநீலமாகிச் சொரசொரப்பாகிவிட்டது. அது திரும்ப மாறுவது கடினம். கறுத்ததைப் பார்த்துப் பயந்து இன்னும் கொஞ்சம் பூசினார்கள், இன்னும் கறுத்தது. 1990-ல்தான் அந்த நாடு அழகுப் பொருள்களில் அதற்குத் தடை போட்டது.

அதே 1975-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கிளிக்மேன், வில்லிஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் மூன்று மருந்தைக் கலந்து ஒரு களிம்பு செய்தார்கள். ஹைட்ரோகுவினோன், தோலை உரிக்கும் ட்ரெட்டினாயின், எரிச்சலை அடக்க ஒரு ஸ்டீராய்டு. மங்கு மருந்துகளில் பலனுள்ள கலவை என்று பெயர் வாங்கியது. இந்தக் கலவையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று நம் ஊர் மருந்துக் கடைகளில் டியூப் டியூப்பாக நிற்கின்றன.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. 1952-ல் அதைத் தோலில் பூசலாம் என்று கண்டபோது கரப்பானில் அவதிப்பட்டவர்களுக்குப் புது வாழ்வே வந்தது. ஆனால் முகத்துத் தோல் மெல்லியது. அங்கே மாதக்கணக்காகப் பூசினால் முதலில் வெளுக்கும், பளபளக்கும். பிறகு தோல் சன்னமாகும், ரத்தக் குழாய் தெரியும், பரு வரும், முடி முளைக்கும். நிறுத்தினால் தீயாக எரியும், ஆகவே மறுபடி பூசுவார்கள். தென்னைக்கு வைத்த கள்ளுப் பானைபோல, விட முடியாத பழக்கம். நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் 2008-ல் இந்த முகத்துக்கென்றே ஒரு நோய்ப் பெயர் வைக்கும்படி ஆயிற்று. பல வருடம் அவர்கள் சத்தம் போட்ட பிறகு, 2018-ல் இந்தக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. அந்த நடவுக்கார அம்மாவுக்கு டியூப் கிடைத்தது அதற்கும் பிறகுதான்.

இப்போது முன்னே சொன்ன அந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கைக்கு முதல் பிரசவத்துக்குப் பிறகு மங்கு விழுந்தது. "அண்ணே, டவுனுக்குப் போறப்ப ஏதாச்சும் வாங்கிட்டு வா" என்றாள். ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரர் கை நீட்டி எடுத்துக் கொடுத்தார், நான் காசு கொடுத்தேன், வாங்கிப் பையில் போட்டேன். பூச்சிமருந்து டப்பாவில் சிவப்பு முக்கோணமா, மஞ்சளா, நீலமா, பச்சையா பார்த்து வாங்குங்கள் என்று ஊர் ஊராகப் பேசுகிறவன் நான். அந்த டியூப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தீரத் தீர நானேதான் வாங்கிக் கொடுத்தேன், எட்டு மாதம். இன்றைக்கும் அடுப்படி அனல் பட்டால் அவள் முகம் சிவந்து எரிகிறது. ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. "நீ படிச்சவன், நீ வாங்கிக் குடுத்தா சரியாத்தான் இருக்கும்னு போட்டேன்" என்று ஒரு தடவை சொன்னாள். அவ்வளவுதான்.

எலுமிச்சையும் தேமலும்

கடை மருந்து வேண்டாம், இயற்கையாக எலுமிச்சம்பழம் தேய்க்கிறோம் என்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கார்போக அரிசி என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கிறதே, அதை வெண்புள்ளிக்குப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வது நம் நாட்டில் பழைய வைத்தியம். எகிப்தியர்களும் வேறொரு செடியை இதே போலப் பயன்படுத்தினார்கள். 1940-களில் கெய்ரோவில் அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து வைத்தியம் செய்தார்கள். அதில் உள்ள சரக்கு வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுட்டுக் கறுக்கவைக்கும். அதே குடும்பத்துச் சரக்கு எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் இருக்கிறது. வெண்புள்ளியைக் கறுப்பாக்குகிற சங்கதியைக் கொண்டு மங்கை வெளுக்க முடியுமா? சாறு தேய்த்துவிட்டு வயலுக்குப் போனால் வழிந்த கோட்டிலேயே பழுப்புத் தழும்பு விழும்.

இதை விவசாயத்தோடு சேர்த்துச் சொல்ல ஒரு நல்ல உதாரணம் உண்டு. அமெரிக்காவில் செலரி என்ற கீரையை அறுக்கிற கூலியாட்களின் கைகளில் கொப்பளம் கிளம்பி, ஆறிய இடம் பழுப்பாக நின்றது. 1961-ல் ஆராய்ந்து எழுதினார்கள். பூஞ்சாணம் பிடித்து அழுகிய செலரியைத் தொட்டவர்களுக்கே அதிகம் வந்திருந்தது. நோய் பிடித்த செடியில் இந்தச் சரக்கு மிகுதியாக உண்டாகியிருந்தது. செடியின் நோய் அறுத்தவன் கையில் வந்து விழுந்திருக்கிறது. நம் பக்கம் பார்த்தீனியச் செடி இருக்கிறது. 1950-களில் புனே பக்கம் முதலில் கண்ணில் பட்டு நாடு முழுக்கப் பரவிய இந்தக் களை, வெறும் கையால் பிடுங்கினாலும் அதன் தூசு பட்டாலும் சிலருக்கு முகமும் கழுத்தும் அரித்துத் தடித்துக் கறுக்கும். அதை மங்கு என்று எண்ணிக் களிம்பு பூசிப் பயனில்லை.

நல்ல சேதியும் ஒன்று உண்டு, அது நமக்கெல்லாம் தெரிந்த தேமலிலிருந்து வந்தது. தேமல் விழுந்த இடம் ஏன் வெளுக்கிறது என்று ரோம் நகரத்தில் ஆராய்ந்தார்கள். தேமலை உண்டாக்கும் பூஞ்சாணம் தோலின் எண்ணெயைத் தின்று சில அமிலங்களை உண்டாக்குகிறது, அவை சாயம் தயாராவதைத் தடுக்கின்றன என்று 1978-ல் நஸாரோ-போரோ என்ற பெண் மருத்துவரும் பாஸி என்பவரும் கண்டு எழுதினார்கள். அந்த அமிலங்களில் ஒன்றான அசெலாயிக் அமிலம் கோதுமையிலும் பார்லியிலும்கூட இருக்கிறது. அதை நூற்றுக்கு 20 பங்கு சேர்த்த களிம்பை மங்குக்குத் தோல் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். முதலில் கொஞ்சம் நமைச்சல் இருக்கும். ஒரு மாதத்தில் பளபளக்காது. மூன்று நாலு மாதத்தில் மெல்ல மங்கும். மங்கு தோலின் ஆழத்தில் இறங்கிவிட்டால் எந்த மருந்துக்கும் முழுசாகப் போகாது. மங்கிய பிறகும் வெயிலில் முகத்தைத் திறந்து வைத்தால் திரும்ப வரும். இதை மருத்துவர்களே ஒளிக்காமல் சொல்கிறார்கள், கடைக்காரர்தான் சொல்வதில்லை.

முகத்தில் வருகிற நிறமாற்றம் எல்லாம் வெயிலால் என்றும் நினைத்துவிட வேண்டாம். தொட்டால் உணர்ச்சி தெரியாத படை இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். பின்கழுத்தில் தடித்து வெல்வெட் துணிபோலக் கறுத்தால் சர்க்கரை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு புள்ளி மட்டும் வளர்ந்துகொண்டே போனாலோ, புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ காத்திருக்காதீர்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடும் தாய்மார்கள் மங்கு வந்தால் தாங்களாக நிறுத்தாமல் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள், வேறு வழி சொல்வார்கள்.

அந்த நடவுக்கார அம்மாவை மாவட்டத் தலைமை மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகச் சொன்னேன். கூலி நாள் போய்விடும் என்று தயங்கினார், பிறகு போனார். ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். முதல் இரண்டு மாதம் எரிச்சல் தாங்காமல் பழைய டியூப்பைத் தேடினாராம். மகள் அதை எடுத்துச் சாணக் குழியில் போட்டுவிட்டாள். இந்தக் குறுவை நடவில் பார்த்தேன். ஓலைத் தொப்பி, கன்னத்தில் துண்டு, முழுக்கைச் சட்டை. சிவப்பு அடங்கியிருந்தது. மங்கு இன்னும் இருக்கிறது, முன்னைவிட லேசாக.

உங்கள் வீட்டில் முகத்துக்குப் பூசும் டியூப் இருந்தால் இந்த உரை முடிந்ததும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், புளுயோசினோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மெர்க்குரி, கேலோமெல் என்று இருந்தால் பாதரசம். 'ஆர்எக்ஸ்' என்ற குறி இருந்தால் மருத்துவர் சீட்டுக்குத்தான் அதை விற்க வேண்டும். ஒன்றுமே எழுதாமல் இருந்தால் அதைப் பூச வேண்டாம். வெகுநாளாகப் பூசிக்கொண்டிருக்கிறவர்கள் டியூப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போங்கள். எதைப் பூசினீர்கள் என்று தெரிந்தால் அவர்களுக்குப் பாதி வேலை குறையும்.